உள்ளங்கைக் களி

நாய்க்கு யாராவது பள்ளிக்கூடம் வைப்பார்களா? எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வைத்தாள். காலை வெயில் வாசலுக்கு இறங்கியதும் பாடம் தொடங்கிவிடும். வாசல் நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டைப் போடுவாள். செவலை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும். வாயில் எச்சில் நூலாகத் தொங்கும், கண் இரண்டும் கருவாட்டை விட்டு நகராது, ஆனால் வாய் மட்டும் போகாது. அக்கா தன்பாட்டுக்குச் சாணி அள்ளுவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், மிளகைப் பாயில் பரப்புவாள். எல்லாம் முடித்து வந்து அந்தத் துண்டை எடுத்து, மண்ணை ஊதி, உள்ளங்கையில் வைத்து நீட்டி, "ம்" என்பாள். அப்புறம்தான் கருவாடு உள்ளே போகும்.

"இதென்ன கொடுமைங்க அக்கா, வாயில்லாத ஜீவனைப் போட்டு?" என்று குடிபோன முதல் வாரமே சண்டைக்குப் போனேன்.

"வாய் இருக்கறதுனாலதானுங்க இந்தப் பாடு" என்றாள். அவ்வளவுதான். நானோ ஒன்று கேட்டால் ஒன்பது பேசுகிறவள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் மலைக்காரி அல்ல. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் லைன்மேன். அவருக்கு மலைமேல் இருக்கிற அரியூர் நாட்டுக்கு மாற்றல் வந்தபோது, "கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எறங்கிரலாம்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். காற்று அடித்தால் மலையில் எங்காவது ஒரு மரம் கம்பி மேல் விழும். அவர் கிளம்பிவிடுவார். நான் அந்த மஞ்சு மூடிய ஊரில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் செவலையும்.

அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. தன் பேர் ஊர்வாயில் புழங்குவது அவளுக்குப் பிடிக்காது. ஐம்பது தாண்டிய வயது. புருஷன் போய்ப் பல வருசம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். என்னை 'லைன்மேனூட்டம்மா' என்பாள். நாயை மட்டும் 'சாமி' என்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

பாடம் முடிந்ததும் இருவரும் கிளம்புவார்கள். கீழே பள்ளத்து நெல்வயல் வரை இறங்கி, பலாமரங்களுக்கு நடுவே மறுபடி மேடேறி வருவது தினப்படி. மழையானாலும் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு போவாள். "நாயின்னா காலு ஓயக்கூடாதுங்க. கட்டிப் போட்டு வளத்துனா கொழுப்பு ஏறும், கோவம் ஏறும், ஆயுசு எறங்கும்." அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. செவலை பாறை மேல் நடக்கும்போது நகச் சத்தம் கேட்கக்கூடாது. டக்டக்கென்று கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது, நாய் சோம்பிவிட்டது என்று பொருள். மறுநாள் நடை இன்னும் நீளும். சாயங்காலம் அதை மடியில் சாய்த்து, காதைப் புரட்டி, விரலிடுக்கு ஒவ்வொன்றாக விரித்து உண்ணி பார்ப்பாள். வேப்பெண்ணெய் தடவுவாள். அந்த வாசனை எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடிக்கும்.

வெறிநாய் ஊசி போட மாட்டு டாக்டர் வந்தால் வரிசையில் முதல் ஆள் அவள்தான். ஒரு தடவை ஊசி போட்ட கையோடு அந்த டாக்டர் பையன் ஆசையாக ஒரு பிஸ்கட்டை நீட்டினான். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏனுங்கம்மா, இன்னைக்கு வெள்ளிக்கெழமைன்னு வெரதமுங்களா?"

"வாரம் பூரா வெரதந்தானுங்க" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அருவி பார்க்க வருகிறவர்கள் டீக்கடை ஓரம் காரை நிறுத்திப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மிச்சத்தை நாய்க்கும் குரங்குக்கும் வீசுவார்கள். ஒருத்தர் கோழிக்கால் ஒன்றைச் செவலையின் மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டிக் காட்டினார். அது அசையவில்லை. அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "என்னம்மா, உங்க நாய்க்குத் திமிரா?" என்றார்.

அக்கா கிட்டே போனாள். "உங்க புள்ளைக்கு நான் ரோட்டுல நின்னு ஒண்ண நீட்டுனா வாங்கித் திங்க உடுவீங்களா?"

"அது புள்ளைங்க."

"இதுவுமுங்க. வெந்த கோழியெலும்பு ஊசியாட்டம் ஒடையும். கொடலக் கிழிச்சா நீங்க வந்து தெச்சு உடுவீங்களா?"

காரின் கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

ஊரில் இதற்கெல்லாம் கேலிதான். "அவ ஊட்டு நாயி ஐயமாரு நாயி" என்பார்கள். கேலிக்குக் காரணம் நாய் மட்டும் இல்லை. அக்காவும் அப்படித்தான். யார் வீட்டிலும் சாப்பிட மாட்டாள். கல்யாணத்துக்குப் போவாள், முன்னே நின்று வேலை செய்வாள், மொய் வைப்பாள். பந்தியில் உட்கார மாட்டாள். தாம்பூலப் பையில் இருக்கிற வாழைப்பழத்தை மட்டும் வழியில் உரித்துத் தின்றுகொண்டு வருவாள். தோல் மூடிய பண்டம் என்றால் சரி. இன்னொருத்தர் கை பட்டது என்றால் ஒரு பருக்கை இறங்காது.

நான் விடுவேனா? எனக்குத் தெரிந்த ஒரே சொந்தம் அங்கே அவள்தான். என் கையால் அவள் ஒரு வாய் சாப்பிட வேண்டும், செவலையும் ஒரு வாய் வாங்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. மீன் குழம்பு வைத்தேன், பணியாரம் சுட்டேன், பலாச்சுளையை வெல்லப்பாகில் போட்டேன். சுவருக்கு மேலே நீட்டுவேன். "வெச்சுட்டுப் போங்க" என்பாள். மறுநாள் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வந்துவிடும். பண்டம் மாட்டுத் தொட்டிக்கோ குப்பைக்குழிக்கோ போயிருக்கும். அவர்கள் இருவருக்கும் தினம் ராகிக் களிதான் என்று பார்த்து, நானும் களி கிண்டப் பழகினேன். கட்டி கட்டியாக விழுந்தது. அதை நீட்டியபோது மட்டும் அவள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஊருப்பட்ட கட்டிங்க லைன்மேனூட்டம்மா! இத எறிஞ்சா குரங்கு ஓடும்."

எனக்கு எங்கிருந்துதான் அழுகை வந்ததோ. "எங் கை என்ன விஷமுங்களா? ஒரு நாளாச்சும் வாங்கித் திங்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க கை நல்ல கைதானுங்க" என்றாள். "கெட்ட கைன்னா பயமே இல்லீங்களே. தெரிஞ்சு தள்ளிப் போயிரலாம்."

அது எனக்கு விளங்க ஒரு அறுவடைக் காலம் ஆயிற்று. குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளிக் காட்டில், காட்டுப்பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தது. பக்கத்து ஊரில் யாரோ அவுட்டுக்காய் வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. வெடிமருந்தைக் கொழுப்பிலோ குடலிலோ பொதிந்து வைப்பது. பன்றி கடித்ததும் வாயோடு வெடிக்கும். குற்றம் என்பதால் வைக்கிறவன் எவனும் வெளியே சொல்ல மாட்டான். அதனால் நாய்தான் முதலில் போய்க் கடிக்கும். அன்றைக்கு நெல்வயல் வரை நானும் கூடப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அக்கா தானாகச் சொன்னாள்.

"இதுக்கு முன்னால கருப்பன்னு ஒண்ணு இருந்துச்சுங்க. அன்னைக்குத் தெரிஞ்சவங்க ஊட்டுல காதுகுத்து. எனக்கு எலை போட்டு, 'இன்னொரு கரண்டி வாங்குங்க'ன்னு கேட்டுக் கேட்டு ஊத்துன கை. அதே கைதானுங்க விடியக்காலைல காட்டோரத்துல அதையும் வெச்சுட்டு வந்திருந்துச்சு. 'நாய அந்தப்பக்கம் உடாதீங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லல. நான் எந்திரிச்சுக் கை களுவறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சு."

"யாருங்க அக்கா அவங்க?"

"இருக்கறாங்க. தெனமும் பாக்கறேன். அவங்களும் சிரிக்கறாங்க, நானும் சிரிக்கறேன். திங்க மட்டும் முடியலீங்க. தொண்டக்குள்ள எறங்கறதில்ல."

செவலை அவள் காலடியில் தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் கிண்ணம் நீட்டுவதை விட்டுவிட்டேன். ஆனால் ஆசை போகவில்லை.

மிளகு பறிக்கிற நாளில்தான் அது நடந்தது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த ஏணி, அடிமண் நழுவி அவளோடு சரிந்தது. முழங்காலுக்குக் கீழே கால் முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. படுக்கையில் கட்டி ஏற்றும்போதும் அவள் வாயில் ஒரே பேச்சு: "சாமியப் பாத்துக்குங்க, சாமியப் பாத்துக்குங்க." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். களி கிண்டிப் போட்டால் தின்றுவிட்டுக் கிடக்கிறது என்று நான் நினைத்தேன். அது வேறு கையில் வாங்காதே என்று அவளுக்கும் அந்த வலியில் தோன்றவில்லை. செவலை வண்டியின் பின்னால் வெகுதூரம் ஓடிவிட்டு, நாக்குத் தொங்கத் திரும்பி வந்து, பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் உள்ளங்கையில் களியை வைத்து நீட்டினேன். "ம்" என்றேன். அது பார்த்தது. எச்சில் வடிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளும் அப்படியே. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன். முட்டை வைத்தேன், கறி வைத்தேன். தரையில் போட்டேன், தட்டில் போட்டேன். அது ஒன்றையும் தொடாமல் அதன் முன்னே உட்கார்ந்து, பாடம் எப்போது முடியும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டும் குடித்தது. ஓடிய நாய் நடந்தது, நடந்த நாய் படுத்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"பசிச்சாத் தன்னால திங்கும் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க பசிச்சாத் தன்னாலயா திங்கறீங்க? நான் போட்டாத்தானே திங்கறீங்க!" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? ஊரிலோ, "நாயச் சாவுக்குத் தப்ப வெச்சா, இப்ப அவ பாடமே அதக் கொல்லப்போவுது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவள் என்னை நம்பி விட்டுப்போனது அந்த ஒன்றைத்தான்.

போனில் அவள் குரலைக் கேட்க வைத்தோம். மகன் அங்கே போனைப் பிடித்திருந்தான். "சாமீ... ம்... ம்..." என்று அவள் சொன்னதும் செவலை துள்ளி எழுந்தது. போனைச் சுற்றி வந்தது. போனுக்குப் பின்னால் தேடியது. ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவைப் பிராண்டி ஊளையிட்டது பாருங்கள், நான் போனைச் சேலைக்குள் பொத்திக்கொண்டேன்.

அந்த ஊளை அவளுக்கும் கேட்டிருந்தது. "நாந்தானுங்க அது வாயக் கட்டிப்புட்டேன்" என்றாள். "கொண்டாங்க. எப்பிடியாச்சும் எங்கிட்டக் கொண்டாங்க."

கிளம்பினேன். பஸ்சில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். "ஆடு ஏறுது, கோழி ஏறுது, பலாப்பழம் சீட்டுல உக்காந்து வருது, இது ஏறக்கூடாதா?" என்று கேட்டேன். "கடிச்சா நாந்தானுங்கம்மா பதில் சொல்லோணும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். கடைசியில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்குக் கிழங்கு லோடு இறக்கப் போகிற வண்டிக்காரர் ஒருத்தர் முன்னால் இடம் கொடுத்தார். செவலையை மடியில் போட்டுக்கொண்டேன். ஆளுயர நாய், கோழிக்குஞ்சு எடைதான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது மஞ்சளாய்த் தண்ணீரைக் கக்கியது. பாதி வளைவு இறங்குவதற்குள் நானும் கக்கினேன். மடியில் இன்னொரு பக்கம் தூக்குப்போசியில் நான் கிண்டிய களி. அதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

நாமக்கல்லில் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். நாய் உள்ளே போக முடியாதுதான். ஆனால் கதையைக் கேட்டுவிட்டு, கேட் ஓரமாக இருந்த புங்கமரத்தைக் காட்டினார். மகன் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. கால் முறிந்தால் கன்னம் ஏன் ஒட்டுகிறது?

"அம்மா ஒண்ணுமே திங்கறதில்லீங்க அக்கா" என்றான் மகன். "இங்க குடுக்கறதும் வேண்டாம், நான் வாங்கியாறதும் வேண்டாம். வாழப்பழம் மட்டும். வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டுத் தல சுத்துதுங்குது. காலுல புண்ணு ஆறமாட்டீங்குதுன்னு டாக்டரு சத்தம் போடறாரு."

இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அங்கே கதவுக்கு முன்னால் ஒன்று, இங்கே கட்டிலில் ஒன்று.

செவலை அவள் மடியில் தலையை வைத்தது. சத்தமே இல்லை. வாலை மட்டும் மண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தூக்குப்போசியிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "ம்." ஒரே விழுங்கு. இன்னொன்று. அதுவும் போயிற்று. மூன்றாவதை எடுத்தவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"நாளைக்கு?" என்றாள்.

அந்த உருண்டையை என் கையில் வைத்தாள். "குடுங்க." நீட்டினேன். "ம்" என்றாள் அவள். செவலை அவளைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி "ம்" என்றாள். மறுபடி திருப்பிக்கொண்டது. எனக்குக் கோபம், துக்கம், வெயில், வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தது.

"எப்பிடிங்க திங்கும்?" என்று வெடித்தேன். "நீங்க திங்கறீங்களா? உங்களப் பாத்துத்தானே அது படிச்சுது? அது செத்தா நீங்க அழுவீங்க. நீங்க செத்தா? எனக்கு யாருங்க இருக்கறாங்க அந்த மலைல?"

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். களியோடு என் கையைத் தன் வாய்க்கு இழுத்துக்கொண்டாள். ஒரு கடி கடித்தாள். மெல்லவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தொண்டைக்குழி மேலும் கீழும் ஏறி இறங்கியது. விழுங்கினாள். மகன் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

செவலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சப் பாதி என் உள்ளங்கையில் இருந்தது. அவள் என் கையை விடாமலே அதன் பக்கம் திருப்பினாள். அது மோந்தது. கடித்த இடத்தை மோந்தது. என் விரலை மோந்தது. "ம்" என்று அவள் சொல்வதற்கு முன்பே அதன் நாக்கு என் உள்ளங்கையில் பட்டது. எத்தனை வருச ஆசை. சூடாக, சொரசொரவென்று இருந்தது.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கிண்டியிருக்கோணும்" என்றாள். "கட்டி வேகல, கண்ணு."

கண்ணு என்றாள். அதுவரை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அன்று அந்த மரத்தடியில் களி முழுவதையும் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி ஊட்டினேன். அவள் மறுபடி மலையேறவில்லை. மேடு ஏறவே கூடாது என்றுவிட்டார்கள். மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போனான். மாடி வீடு, நாய்க்கு இடமில்லை. வாரம் ஒரு நாள் போன் பண்ணுவாள். "நகச்சத்தம் கேக்குதா கண்ணு?" என்பாள். "கேக்கலீங்க" என்பேன். "உண்ணி?" "பாத்துட்டேனுங்க." "நீ தின்னியா?" என்று கடைசியில் கேட்பாள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் போன் நின்றுபோனது. மகன்தான் சொன்னான். தூக்கத்திலேயே போய்விட்டாளாம். முந்தின நாள் பக்கத்து வீட்டில் கொடுத்த கேசரியை வாங்கித் தின்றாளாம். அதைச் சொல்லித்தான் அவன் அழுதான்.

இப்போது நாங்கள் அடிவாரத்துக்கே வந்துவிட்டோம். செவலைக்கு மூஞ்சி நரைத்துவிட்டது. தினம் விடிந்ததும் மலைரோடு தொடங்குகிற இடம் வரை நடக்கிறோம். அங்கே போனதும் அது நின்றுவிடும். மேலேயிருந்து இறங்குகிற பஸ் கடந்து போகிறவரை காதைத் தூக்கி நிற்கும். நானும்தான் நிற்கிறேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்து களி கிண்டி, உருண்டை பிடித்து, முதலில் நான் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் மிச்சத்தை நீட்டுகிறேன். இல்லாவிட்டால் அது இன்றைக்கும் வாங்காது.

என் களியில் இப்போதெல்லாம் கட்டி விழுவதில்லை. தின்று பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.